பின்காற்றும் விமானத்தின் எழுச்சியும்

காற்றுப் பின்னின்று தள்ளுமாயின் செலவு எளிதாகும் என்பது யாவரும் அறிந்ததே. பாய்மரக் கப்பலோட்டி அதனை வேண்டி நிற்பான். மிதிவண்டியில் வரும் மாணவனும் அதனை விரும்புவான். வானிற் செல்லும் விமானத்துக்கும் பின்காற்று நன்மையே செய்யும். காலமும் எரிபொருளும் குறையும். ஆயின், அவ்விமானம் நிலத்தை விட்டு எழும் சிறு பொழுதில் மட்டும் அதே காற்றுப் பகையாகின்றது. நண்பன் பகைவனாவது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விமானத்தின் வேகம் இருவகைப்படும். நிலத்தை நோக்க அது செல்லும் வேகம் ஒன்று. தன்னைச் சூழ்ந்த காற்றை நோக்க அது செல்லும் வேகம் மற்றொன்று. முன்னதை நிலவேகம் என்றும், பின்னதைக் காற்றுவேகம் என்றும் கூறுவோம். விமானத்தைத் தூக்குவது அதன் இறக்கைகளைத் தழுவிப் பாயும் காற்றேயாதலின், அஃது எழுதற்கு வேண்டுவது காற்றுவேகமே. ஓடுபாதையின் நீளத்தை விழுங்குவதோ நிலவேகம். இவ்வேறுபாட்டை மறவாதிருப்பின் ஏனையவெல்லாம் எளிதில் விளங்கும்.

மணிக்கு 60 கடல் மைல் காற்றுவேகம் பெற்றவுடன் எழும் சிறு விமானம் ஒன்றைக் கொள்வோம். காற்றசையாத நாளில் அது 900 அடி ஓடி எழுகின்றது என்க. 10 கடல் மைல் வேகமுள்ள காற்று எதிரே வீசின், அதன் நிலவேகம் 50 ஆனபொழுதே எழுந்துவிடும். அதே காற்றுப் பின்னின்று வீசினோ, நிலவேகம் 70 ஆகும்வரை ஓடியே தீரவேண்டும். வேகம் ஒரே சீராக ஏறுமாயின், ஓடுந் தூரம் அவ்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். ஆதலின் எதிர்காற்றில் 625 அடி போதும். பின்காற்றிலோ 1,225 அடி வேண்டும். எதிர்காற்றால் வரும் இலாபம் 275 அடி. பின்காற்றால் வரும் நட்டம் 325 அடி. காற்றின் அளவு ஒன்றே. அது கொடுப்பதினும் பறிப்பது மிகுதி.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்கள் வட கரோலினாவின் மணற்பரப்பிலிருந்து எழுந்தபொழுது இவ்வுண்மையே அவர்களுக்குத் துணை நின்றது. அன்று வீசிய எதிர்காற்று நொடிக்கு 35 அடிக்கு மேற்பட்டது. அவர்தம் பொறி நிலத்தை நோக்க நொடிக்கு 10 அடியளவே நகர்ந்து, 12 நொடியில் 120 அடி கடந்தது. ஆயினும் இறக்கைகள் பெற்ற காற்றுவேகம் நொடிக்கு 45 அடிக்கு மேலாம்.

பின்காற்றின் தீமை ஓடுபாதையோடு ஒழிவதன்று. எழுந்தபின் நிமிடத்துக்கு 600 அடி ஏறும் நம் விமானம், அதே 60 கடல் மைல் காற்றுவேகத்திற் செல்லுமாயின், காற்றில்லாதபொழுது ஒரு கடல் மைல் கடப்பதற்குள் 600 அடி உயர்ந்துவிடும். மேற்கூறிய எதிர்காற்றில் 720 அடி உயரும். பின்காற்றிலோ ஏறக்குறைய 514 அடியே உயரும். எதிரே மரமோ குன்றோ இருப்பின் இவ்வேறுபாடு உயிரையே தொடுவதாகும். இடையில் ஊறு நேர்ந்து விமானத்தை நிறுத்த வேண்டினும், 60-க்கு மாறாக 70-இல் ஓடும் சக்கரங்களின் தடை தாங்கவேண்டிய ஆற்றல் 100-க்கு 36 பங்கு மிகும். அன்றியும், இருமருங்கும் மரங்கள் விரைந்தோடக் காணும் விமானி, வேண்டிய வேகம் வந்துவிட்டதென மயங்கி முன்னரே மூக்கை உயர்த்துதலும் கூடும். அவன் நம்பவேண்டுவது தன் கண்ணையன்று, வேகமானியையே.

அறிந்தோர் இதனைக் கணக்கில் எங்ஙனம் அமைத்துள்ளனர்? செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தின் கைந்நூல், எதிர்காற்று 9 கடல் மைலுக்கு ஒருமுறை தூரத்தில் 100-க்குப் பத்துக் குறைக்கலாம் என்கின்றது. பின்காற்றுக்கோ ஒவ்வொரு 2 கடல் மைலுக்கும் பத்துக் கூட்டுக என்கின்றது. அதுவும் 10 கடல் மைல் வரையில்தான். பெரிய விமானங்கட்குரிய அமெரிக்கச் சட்டவிதி இதனினுந் தெளிவானது. எதிர்காற்றிற் பாதிக்கு மேற் கணக்கிற் கொள்ளலாகாது. பின்காற்றை ஒன்றரை மடங்கிற்குக் குறையாமற் கொள்ளல் வேண்டும். 20 கடல் மைல் எதிர்காற்று உண்டென அறிவிப்பின் 10 என்றே கொள்க. பின்காற்று 10 எனின் 15 எனக் கொள்க. காற்று நொடிதோறும் மாறும் இயல்பினதாதலின் இவ்விதி எழுந்தது.

அங்ஙனமாயின் பின்காற்றில் எழுதல் அறவே கூடாதோ எனின், அற்றன்று. ஒருபுறம் மலை அடைத்து நிற்பினும், பாதை ஒருபுறமாகச் சரிந்திருப்பினும், மென்காற்றைப் பின்னிட்டு எழுதல் சில இடங்களில் நலமேயாம். கணக்கிட்டுத் துணிதல் வேறு. கணக்கிடாது துணிதல் வேறு.

கோபுரங் கட்டத் தொடங்குமுன் செலவை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்று நம் ஆண்டவர் அருளிய உவமையை இவ்விதி நமக்கு நினைவூட்டுகின்றது. வரும் உதவியைப் பாதியாகவும், வரும் இடையூற்றை ஒன்றரை மடங்காகவும் எண்ணிப் புறப்படுபவனை அச்சமுடையவன் என்று இகழ்தல் தகாது. அவனை நம்பிப் பின்னே அமர்ந்திருப்போர் பலர். கல்லூரி வாழ்வென்னும் ஓடுபாதையில் இன்று விரைந்து செல்லும் நாமும், பெற்றோர் பொருளும் உற்றார் புகழும் பின்னின்று தள்ளுவதனால் மிக விரைகின்றோம் என்று மயங்காது, நம்மைத் தூக்கவல்ல மெய்யான வேகம் எவ்வளவு என்பதை அளந்தறிவோமாக.