கைக்குழந்தையோடு வங்கி மாறலாமா?

கேள்வி: இரண்டு வயது மகளை வைத்துக்கொண்டு வங்கியை மாற்றுவது பெரும் அலைச்சலாகத் தெரிகிறது. பழைய வங்கியிலேயே இருந்துவிடலாமா?
- வாசகி, ஆரப்பாளையம்

பதில்: மாறுங்கள், ஆனால் பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். புதுக் கணக்கு தொடங்குவது சிறு வேலைதான். அலைய வைப்பவை பழைய கணக்கை நம்பி ஓடுபவை: கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், ஆதார் வழி வரும் சிலிண்டர் மானியம். மானியம் கடைசியாக ஆதாரோடு இணைத்த வங்கிக்குப் போகும். தவணையோ, நீங்கள் புதிதாக எழுதிக் கொடுக்கும்வரை பழைய கணக்கைத்தான் தேடும். அங்கே பணமில்லாவிட்டால் அபராதம். ஆகவே சில மாதங்கள் இரண்டும் இருக்கட்டும். பழைய பாஸ்புக்கில் ஓராண்டு வரவு செலவைப் பதிந்து வாங்கி, ஒவ்வொரு பிடித்தத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போகும் பிரீமியம்தான் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பும்.

'இரண்டிலும் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டுமே' என்பீர்கள். நியாயமான கவலை. ஆனால் ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா, இந்தியன் வங்கிகள் 2025-லும் சேமிப்புக் கணக்குகளில் இருப்பு குறைந்தால் விதித்த அபராதத்தை நீக்கிவிட்டன. உங்கள் வங்கியில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை மூடவே வேண்டாம். அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கோ, ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கோ அப்படியே மாற்றித் தருவார்கள். அதற்கு அவசரமும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கும் நாளில் போனால் போதும்.