பாறையைப் படிக்கக் கற்றுத்தரும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க

பாறையியலும் கனிமவியலும் நடத்திவந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். இடத்தை நிரப்ப அனுமதியும் வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிலவியல் துறைத்தலைவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

விளம்பரம் எழுதுமுன் மைக்ராஸ்கோப் அறைக்குப் போய்வாருங்கள். துருவ ஒளி மைக்ராஸ்கோப்புகளில் வேலை செய்பவை எத்தனை, பாறையை அறுத்து ஸ்லைடு தேய்க்கத் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு பாடத்திட்டத்தில் ஆளில்லாமல் நிற்கும் தாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தேவை தீப்பாறை தெரிந்தவரா, உருமாறிய பாறை தெரிந்தவரா என்பது அப்போதுதான் தெளிவாகும். அந்த இடம் இனச்சுழற்சியில் எந்தப் பிரிவுக்கு உரியது என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இதில் பிழை நேர்ந்தால் வழக்கு வரும், நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கும்.

அடுத்தது விளம்பரம். 2018 யுஜிசி விதிகள் உதவிப் பேராசிரியருக்கு முதுகலையில் 55 விழுக்காடு கேட்கின்றன. 2023 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் நம் துறைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தாள் புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் எல்லாவற்றுக்கும் பொதுவானது. பருவமழையை ஆராய்ந்தவர் கையிலும் அதே சான்றிதழ்தான் இருக்கும். ஆகவே நிலவியல் முதுகலையும் பாறையியல், கனிமவியல் சிறப்புப் பயிற்சியும் வேண்டும் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். அங்கே எழுதாத ஒன்றை நேர்காணலில் கேட்டு ஒருவரை ஒதுக்குவது நியாயமில்லை.

விண்ணப்பங்களுக்குப் போடும் மதிப்பெண், யாரை அழைப்பது என்று முடிவுசெய்ய மட்டுமே. அழைக்கப்பட்ட ஒவ்வொருவரின் கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படியுங்கள். பாறை உருவான அழுத்தமும் வெப்பமும் மென்பொருள் தந்த எண்களாக மட்டும் நிற்கின்றனவா, கனிமங்கள் ஒன்றையொன்று தொட்டு வினைபுரிந்த தடயம் ஸ்லைடில் காட்டப்பட்டிருக்கிறதா? எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

தேர்வுக்குழுவில் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள் மூவர். மூவரும் நிலத்தடி நீரோ தொலையுணர்வோ படித்தவர்களாக அமைந்துவிட்டால், பாறை பற்றிய கேள்வியே எழாமல் நேர்காணல் முடிந்துவிடும். ஒருவராவது ஸ்லைடு பார்த்தே வாழ்பவராக இருக்கட்டும் என்று துணைவேந்தரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இனி முக்கியமான நாள். நேர்காணலின்போது வகுப்பெடுக்கச் சொல்லிப் பார்க்க விதிகளே இடம் தருகின்றன. அந்த வகுப்பை மைக்ராஸ்கோப் மேசைக்குக் கொண்டுபோங்கள். எல்லோருக்கும் அதே ஸ்லைடுகள், அதே நேரம், எதிரே இளங்கலை மாணவர் இருவர்.

முதல் ஸ்லைடு வேண்டுமென்றே சற்றுக் கனமாகத் தேய்த்ததாக இருக்கட்டும். 0.03 மில்லிமீட்டர் கனத்தில் குறுக்குத் துருவ ஒளியில் சாம்பலாகத் தெரியும் குவார்ட்ஸ், கனம் கூடினால் மஞ்சளாகிவிடும். நிறத்தை நம்பிக் கனிமத்தின் பெயர் சொல்லுமுன் கனத்தைச் சந்தேகிப்பவர் ஸ்லைடோடு பழகியவர்.

இரண்டாவது, காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை நெஃபிலின் சயனைட். நெஃபிலினும் சாம்பல், குவார்ட்ஸும் சாம்பல். இரண்டையும் எப்படிப் பிரிப்பது, ஒரே பாறைக்குழம்பிலிருந்து இரண்டும் ஏன் சேர்ந்து படிகமாவதில்லை என்று அந்த மாணவர்களுக்குத் தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். சிலிக்கா மிஞ்சியிருந்தால் நெஃபிலின் ஃபெல்ஸ்பாராகிவிடும் என்ற ஒரு வரியை மாணவர் முகம் தெளியும்வரை விதவிதமாகச் சொல்பவரைக் குறித்துவையுங்கள்.

மூன்றாவதாகப் பல்லாவரத்துச் சார்னோகைட்டை உடைத்த கல்லாகவே கையில் கொடுங்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து தாமஸ் ஹாலந்து பெயரிட்ட பாறை இது. நேரடியாகக் குழம்பிலிருந்து இறுகியதா, ஆழத்தில் உருமாறியதா என்ற விவாதம் நூறாண்டுக்கு மேலானது. ஒரு பக்கத்தை மட்டும் அடித்துப் பேசுபவரைவிட, இந்தக் கல்லில் எதைப் பார்த்தால் எந்தப் பக்கம் சாயலாம் என்று மாணவரைத் தேடவைப்பவரை நான் எடுப்பேன். கட்டுரைப் பட்டியல் நீளமான ஒருவர் இந்த மேசையில் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். பட்டியல் குறைந்த ஒருவர் லென்ஸை மாணவர் கையில் கொடுத்துவிட்டு அருகே குனிந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

தேர்வானவருக்குத் தொடக்க ஊதியம் 57,700 ரூபாய், விதிப்படி. அதில் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியவை வேறு: நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று, களப்பயணத்துக்கு வண்டி, எலக்ட்ரான் மைக்ரோபுரோப் உள்ள நிறுவனத்தோடு நேரம் வாங்கும் ஏற்பாடு, முதல் பருவத்தில் குறைந்த வகுப்புகள். இவற்றைச் சேரும் முன்பே எழுத்தில் கொடுங்கள். ஸ்லைடு தேய்க்கும் ஊழியர் ஓய்வை நெருங்கிவிட்டார் என்றால், புதியவர் சேரும் மாதத்திலேயே அந்த ஊழியருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞரை உட்காரவையுங்கள்.