ஊமத்தை மருந்தா? விஷமா?

என் பாட்டிக்கு மூச்சு இழுப்பு உண்டு. கொடைக்கானல் ஞாயிறு சந்தையில் ஒருவர், "ஊமத்தை விதையை அரைச்சுக் குடிங்க, இன்ஹேலரே வேண்டாம்" என்றார். பாட்டி நம்பிட்டாங்க. விதை பறித்து வந்ததே நான்தான்!

அரைக்கும் முன் அறிவியல் சாரிடம் கேட்டேன். பதறிவிட்டார். ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நச்சுப்பொருள்கள் உள்ளன. அட்ரோபினை டாக்டர்கள் அளந்து மருந்தாகத் தருவார்கள். ஆனால் ஒரு விதையில் எவ்வளவு இருக்கும் என்று வீட்டில் அளக்க முடியாது. குடித்தால் வாய் உலரும், பார்வை மங்கும், பிதற்றல் வரும், உயிரே போகலாம்.

2020 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், கொரோனாவுக்கு மருந்து என்ற வீடியோவை நம்பி ஊமத்தை விதைச்சாறு குடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

விதையைக் குழி தோண்டிப் புதைத்தேன். பாட்டி கையில் மறுபடி இன்ஹேலர்!

யார் சொன்னாலும் டாக்டரிடம் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீங்க. தெரியாமல் யாராவது குடித்துவிட்டால் உடனே 108-ஐ கூப்பிடுங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி