ஷிஃப்ட் வேலை, சேராத சாப்பாடு, கூடவே சர்க்கரை: சமாளிக்க ஒரு வழிகாட்டி

சாந்திபுரம், குப்பம் வட்டாரத்தில் கோழி கூவும் முன்பே எழுந்து, குப்பம் ஸ்டேஷனில் ரயில் பிடித்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். கிழக்கே போனால் திருப்பதி கரகம்பாடியில் பேட்டரி ஆலை, தடா பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகள். அங்கே ஷிஃப்ட் வேலை.

இவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால், கையில் கிடைக்கும் டயட் சீட்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்: காலை 8 மணிக்கு ஓட்ஸ், 11 மணிக்கு ஆடை எடுத்த பால், மதியம் 1 மணிக்கு இரண்டு சப்பாத்தி, இரவு 8 மணிக்கு மறுபடியும் சப்பாத்தி. இவருக்கோ பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறது, கோதுமை தின்றால் உப்புசம். காலை 8 மணிக்கு ரயிலில் நின்றுகொண்டிருப்பார். சீட்டு பர்ஸுக்குள் போய்விடுகிறது, சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கிறது.

சீட்டு தப்பில்லை. உங்கள் வயிறும் வேலை நேரமும் தெரியாமல் எழுதப்பட்டது, அவ்வளவுதான். அந்த இரண்டையும் டாக்டரிடம் சொல்லி, சீட்டை உங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுத வைப்பது உங்கள் பொறுப்பு. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே சீட்டு எப்படிப் பொருந்தும்?

சாப்பாடா, மாத்திரையா?

வயிறு கெட்டதும் சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள்.

மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் தரும். வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம். சாப்பாட்டோடு போடுவதும், மெதுவாகக் கரையும் வகைக்கு டாக்டர் மாற்றித் தருவதும் பெரும்பாலும் கைகொடுக்கும். வோக்லிபோஸ், அக்கார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துபவை. அதனால் பலருக்கு வாயு வரும். 'சுகர் ஃப்ரீ' என்று விற்கும் இனிப்புகளில் சேர்க்கும் சார்பிடால், மால்டிடால் போன்றவையும் வயிற்றைக் கலக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஒவ்வாத உணவைத் தேடலாம். சந்தேகமுள்ள ஒரே ஒரு பொருளை இரண்டு வாரம் நிறுத்துங்கள். பிறகு கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் நாலைந்தை நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாது.

கோதுமைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் முடிவு பொய்யாக வரலாம்.

உப்புசம் வேறு, அலர்ஜி வேறு. வேர்க்கடலையோ முட்டையோ சாப்பிட்டதும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் சோதித்துப் பார்க்கும் வேலையே வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

நம்ம ஊர்ச் சாப்பாட்டிலேயே வழி உண்டு

பால் சேராதவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. ஒரு டம்ளர் பாலில் அது சுமார் 12 கிராம் இருக்கும். புளிக்கும்போது ஒரு பகுதி குறைந்துவிடுவதால் தயிரும் மோரும் பலருக்குத் தொல்லை தருவதில்லை. டீயில் விழும் கொஞ்சம் பாலும் அப்படித்தான். டீயில் பார்க்க வேண்டியது சர்க்கரையை. டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் ஷிஃப்ட்டுக்குள் ஐந்து டீ குடித்தால் ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது.

பாலை விட்டால் கால்சியத்துக்கு என்ன செய்வது? கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே அளவு பசும்பாலில் 120-ஐ ஒட்டித்தான். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது பாதுகாப்பு.

ஆனால் "களிதானே" என்று இரண்டு உருண்டை விழுங்கக் கூடாது. கேழ்வரகிலும் அரிசியைப் போலவே பெரும்பகுதி மாவுச்சத்துதான். நம் பக்கம் களியில் நொய்யரிசியும் சேர்த்துக் கிண்டுவதால் ஒரு உருண்டையில் இரண்டு தானியம் இருக்கிறது. நொய்யைக் குறைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே உருண்டையோடு நிறுத்துங்கள். கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். கெட்டிக் களி மேல்.

தட்டில் பாதி கீரை, அவரைக்காய், பீர்க்கங்காய். கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் அல்லது கோழி. மீதிக் கால் பங்குதான் களியோ சோறோ. காயையும் குழம்பில் கிடக்கும் துண்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் களிக்கு வந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். மார்கழியில் பிதுக்குப் பருப்பு வரும் காலத்தில் புரதத்துக்குப் பஞ்சமே இல்லை. வாயு தொல்லை உள்ளவர்கள் கொள்ளு, மொச்சை வகைகளை இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள்.

தட்டைவிடக் கடிகாரம் முக்கியம்

நீண்ட நேர வேலையில் சர்க்கரையைக் கெடுப்பது பெரும்பாலும் இடைவெளிதான். ஏழெட்டு மணி நேரம் பட்டினி, பிறகு ஒரே மூச்சில் மலையளவு சோறு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அந்தப் பட்டினி நேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

பெங்களூர் ரயில் பிடிப்பவர் தன் நாளை இப்படிப் பிரிக்கலாம்: கிளம்பும் முன் ஒரு முட்டை அல்லது ஒரு கைப்பிடி சுண்டல், இறங்கியதும் டப்பாவிலிருந்து காலைச் சாப்பாடு, நடுவேளையில் முழுச் சாப்பாடு, திரும்பும் ரயிலில் மோர், வேர்க்கடலை, வீட்டுக்கு வந்து அளவான இரவுச் சாப்பாடு. மாத்திரையை எந்த வேளையோடு சேர்ப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாற்றாதீர்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. 2025-இல் ஆந்திர அரசு அந்த 5-ஐ 6 ஆக்கவும், ஒரு நாள் வேலையை 9-லிருந்து 10 மணி நேரமாக்கவும் முடிவெடுத்தது. சர்க்கரைக்காரருக்கு அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் சின்ன விஷயமில்லை.

இரவு ஷிஃப்ட் என்றால் பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன் முடியுங்கள். உடம்பு இரவில் சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. நள்ளிரவுக்குப் பின் கேன்டீன் பிரியாணி வேண்டாம், சுண்டலோ முட்டையோ போதும். எந்த ஷிஃப்ட்டானாலும் சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

குளுக்கோஸ் பொடி கட்டாயம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியாகும்வரை பைக்கைத் தொடாதீர்கள்.

வோக்லிபோஸ், அக்கார்போஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை அந்த நேரத்தில் சட்டென்று உதவாது. குளுக்கோஸேதான் வேண்டும். திருப்பதி லட்டும் மருந்தாகாது. அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பிரசாதத்தை ஒரு விள்ளலோடு கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள்.

இன்சுலினை வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் சின்னச் சட்டியில் வைக்கலாம்.

யாரிடம் என்ன பேசுவது

சூப்பர்வைசரிடம் நோய்க் கதை முழுவதும் சொல்லத் தேவையில்லை. "இந்த நேரத்துக்குள் பத்து நிமிடம் சாப்பிட விட வேண்டும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு வரி போதும். பக்கத்தில் வேலை செய்பவர் ஒருவருக்காவது குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து நிறுவனம் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், அட்டையை வாங்கிப் பயன்படுத்துங்கள்.

டாக்டரிடம் போகும்போது மூன்று கேள்விகள்: என் ஷிஃப்ட்டுக்கு மாத்திரை நேரம் என்ன? மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? பலருக்கு 7-க்குக் கீழே என்பது இலக்கு. வயதும் உடல்நிலையும் பார்த்து மாறும். நீண்ட நாளாக மெட்ஃபார்மின் போடுவதால் பி12 பார்க்க வேண்டுமா? பாலும் அசைவமும் தொடாதவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதித்துக்கொள்ளலாம். சிக்கல் கூடினால் குப்பம் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி, திருப்பதி ஸ்விம்ஸ், வேலூர் சி.எம்.சி. என எட்டும் தூரத்தில் இடங்கள் உண்டு.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு வாரத்துக்கு எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரை போட்டீர்கள், வயிறு எப்படி இருந்தது, மீட்டர் என்ன காட்டியது. அந்த ஒரு தாள் இருந்தால்தான் டாக்டரால் உங்களுக்கான சீட்டை எழுத முடியும். இன்றைக்கே ஆரம்பியுங்கள்.