ஈரல் நாளங்கள் அடைபடும் நோய்

மாரியில் முகத்துவாரம் மண்மேடிட்டு அடைபட்டிருந்தால் என்ன நடக்கும்? வாவி நீர் கடலுக்குப் போக வழியின்றிப் படுவான்கரை வயல்களில் ஏறும். நமது ஈரலிலும் இத்தகைய அடைப்பு நேரலாம்.

குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலினுள் புகுந்து, சிறு நாளங்களில் சேர்ந்து, மூன்று பெரிய நாளங்கள் வழியாக இதயத்தை நோக்கிச் செல்கின்றது. இவ்வழி அடைபட்டால் இரத்தம் ஈரலில் தேங்கும். ஈரல் வீங்கி நோகும். நீர் கசிந்து வயிற்றில் சேரும். வயிறு வீங்கினால் "குடியால் வந்தது" என்றோ "செய்வினை" என்றோ சொல்கிறோம். மது தொடாத தாய்க்கும் குழந்தைக்கும் இது வரலாம்.

காரணங்கள்

பெரிய நாளங்களில் பெரும்பாலும் இரத்தம் உறைந்தே அடைப்பு உண்டாகின்றது. சில இரத்த நோய்கள், கர்ப்ப காலம், பிரசவத்தின் பின்னான வாரங்கள், சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவை இதற்கு ஏதுவாகலாம்.

சிறு நாளங்கள் அடைபடுவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று தாவர நஞ்சு. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளில் இந்நஞ்சு உண்டு. இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் 1970களின் நடுப்பகுதியில் கிலுகிலுப்பை இன விதை கலந்த சிறுதானியத்தை உண்டோரில் அறியப்பட்ட நோயாளிகள் 67 பேர். அவர்களில் 28 பேர் இறந்தனர். அதே காலத்தில் ஆப்கானிஸ்தானில், வரட்சிக்குப் பின் தேள்கொடுக்கு இனக் களையின் விதை கோதுமையில் கலந்தது. அங்கு பரிசோதிக்கப்பட்ட 7,200 பேரில் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் ஈரல் பாதிக்கப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் பேராதனை ஆய்வாளர்கள் 50 மூலிகைகளைச் சோதித்து 1981இல் வெளியிட்ட ஆய்வில், நஞ்சுள்ளவையாகக் கண்ட மூன்றினுள் ஒன்று கிலுகிலுப்பை இனமாகும்.

நீண்டகாலம் கைவிட்ட காணியில் களை மண்டியிருக்கும். எனவே இடம்பெயர்ந்து மீண்டும் பயிர் செய்யும் குடும்பங்கள் இதனை அவசியம் அறிய வேண்டும்.

அறிகுறிகள்

வலது விலாவின் கீழ் நோவு, சில நாட்களிலோ வாரங்களிலோ வயிறு பெருத்தல், கால் வீக்கம், கண் மஞ்சளாதல். இரத்த வாந்தி, கரிய மலம், மயக்கம் கண்டால் தாமதம் உயிராபத்து.

சிகிச்சை

கிராம மருந்தகத்தோடு நிற்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஸ்கேன் மூலம் நாளங்களின் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். பெரிய நாளம் உறைந்திருந்தால் உறைவைத் தடுக்கும் மருந்து தருவார்கள். தேவையானால் நாளத்தை விரித்துக் குழாய் பொருத்துவார்கள். மூலிகை நஞ்சுக்கு மாற்று மருந்தில்லை. அந்த உணவையோ கசாயத்தையோ உடனே நிறுத்துவதே முதற் சிகிச்சை. உப்பைக் குறைத்து, நீரிறங்கும் மாத்திரை கொடுத்து, வேண்டியபோது வயிற்று நீரை எடுப்பார்கள். ஈரல் முற்றாகப் பழுதானால் ஈரல் மாற்றுச் சிகிச்சையே எஞ்சும்.

நாம் செய்யக்கூடியவை

1. சேனையிலும் வயலிலும் இக்களைகளைக் காய்க்குமுன் பிடுங்குங்கள்.
2. கிலுகிலுப்பை விதை குரக்கனை விடப் பெரியது. அரிதட்டில் அரித்து, சுளகில் புடைத்த பின்பே குற்றுங்கள். சமைப்பதால் நஞ்சு நீங்காது.
3. பசளைக்காக விதைக்கும் சணலும் இவ்வினமே. அதை உழுது மண்ணில் புதையுங்கள். அதன் விதையை மாட்டுக்கும் போடாதீர்கள்.
4. பெயர் தெரியாத இலையைக் கஞ்சியில் சேர்க்காதீர்கள். குழந்தைகளுக்குச் சிறிதளவும் கேடு செய்யும்.
5. குடித்த கசாயம் எதுவென்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். முடிந்தால் செடியையும் கொண்டு செல்லுங்கள்.
6. கருத்தடை மாத்திரை எடுப்பவர் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேளுங்கள்.

கலந்துரையாடுவோம்

உங்கள் காணியில் இச்செடிகள் எங்கே நிற்கின்றன? அவற்றை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் உங்கள் ஊரில் யார்? அடுத்த சங்கக் கூட்டத்திற்கு அவர்களை அழைத்து, பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள்.