நிற்கும் முன் திறக்காதே! (இத்தாலிய வினைச்சொற்கள் – ஓர் எளிய பாடம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று சொன்னதும், "நீ மெக்கானிக்கல்தானே, லேத்தைப் பத்தி எழுதேன்" என்றார்கள். நான் எழுத வந்திருப்பதோ இத்தாலிய மொழியின் வினைச்சொற்களைப் பற்றி. "உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். போன வருடம் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னிங் போயிருந்தேன். அங்கே இத்தாலியிலிருந்து வந்த பழைய மெஷின் ஒன்று. பட்டன்களுக்கு மேலே எழுதியிருந்த நாலைந்து வார்த்தைகளுக்கு ஆபரேட்டர் அண்ணன் அர்த்தம் சொல்லியிருந்தார். 'அப்ரீரே' என்றால் திறப்பது, 'ஃபெர்மா' என்று வந்தால் நிறுத்தம், 'மாக்கினா' என்றால் மெஷின். செல்போனை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. ரோலரை மூடியிருந்த காப்பு மூடியின் மேல் ஒரு தகடு. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: அப்ரீரே... ப்ரீமா... மாக்கினா... ஃபெர்மாத்தா. 'ப்ரீமா' என்பது 'பிரைமரி' மாதிரி இருக்கிறதே, 'முதலில்' என்றுதான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். "முதலில் திற, மெஷின் நின்றுவிடும்!" மூடியைத் தூக்கினால் தானே நிற்கிற மெஷின்களைப் பார்த்திருக்கிறோமே! தூக்கினேன். ரோலர் நிற்கவில்லை. சட்டைக் கை சிக்கியது. அண்ணன் பாய்ந்து எமர்ஜென்சி பட்டனைத் தட்டியதால் ஒரு நகத்தோடு போயிற்று. இரண்டு வாரம் டிராயிங் போட முடியவில்லை.

மறுநாள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் தேய்ந்துபோன ஒரு சொல் இருந்தது: 'நோன்'. முழு வரியையும் தாளில் எழுதிக்கொண்டு தவளக்குப்பம் வந்து சேர்ந்தேன்.

எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இத்தாலியன் அவருக்குத் தெரியாது. ஆனாலும் தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தவர், "பெரிய பெரிய வார்த்தையெல்லாம் படிச்சிட்ட. சின்ன வார்த்தைய விட்டுட்டியே தம்பி. இந்த 'ஸியா'ன்றது பிரெஞ்சுல 'ஸ்வா' மாதிரி இருக்குது. நடந்து முடியாத விஷயத்துக்குத்தான் அத போடுவாங்க. மெஷின் இன்னும் நிக்கலன்னு அர்த்தம்டா!" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இந்தக் கட்டுரை. பழைய புத்தகக் கடையில் ஓர் இத்தாலிய இலக்கணம் வாங்கி, கடலூர் ரோட்டு பஸ்ஸிலேயே பாதி படித்தேன். படிக்கப் படிக்க ஓர் ஆச்சரியம். இந்த வினைச்சொல் தமிழனுக்கு அந்நியமே இல்லை!

நமக்கும் இத்தாலிக்கும்

தாத்தாவால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? இத்தாலியன், பிரெஞ்சு இரண்டுமே லத்தீனின் பிள்ளைகள். லத்தீன் பேசிய நாட்டின் சரக்கு நம் பக்கத்து அரிக்கமேட்டுக்கு ஏறக்குறைய 2000 வருடம் முன்பே வந்திருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பெயரால் வழங்கும் மண்பாண்ட ஓடுகள் கிடைத்தன. பிற்பாடு 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி தமிழ்நாட்டுக்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். 1728-ல் நம் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். ஓர் இத்தாலியர் நம் வினைச்சொல்லைப் படித்துத் தேறியபோது, நம்மால் அவருடையதைப் படிக்க முடியாதா என்ன?

பாடம் 1: பகுதி, இடைநிலை, விகுதி

பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மார்க் வாங்கினோமே, அதே சாவிதான் இங்கேயும். 'பார்லாரே' என்றால் பேசுதல். அகராதியில் இத்தாலிய வினைகள் -ஆரே, -எரே, -ஈரே என்று மூன்று விதமாக முடியும். அந்த முடிவை வெட்டினால் பகுதி கிடைக்கும்: 'பார்ல்'. இனி விகுதியை ஒட்ட வேண்டியதுதான்.

பார்லோ – பேசுகிறேன்
பார்லி – பேசுகிறாய்
பார்லா – பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறது
பார்லியாமோ – பேசுகிறோம்
பார்லாத்தே – பேசுகிறீர்கள்
பார்லனோ – பேசுகிறார்கள்

'நான்', 'நீ' என்று தனியே சொல்லத் தேவையில்லை. 'பேசுகிறேன்' என்றாலே நான்தான். 'பார்லோ' என்றாலும் அப்படியே. பிரெஞ்சு இப்படி இல்லை. நான், நீ, அவன், அவர்கள் எல்லாவற்றுக்கும் எழுத்து மாறினாலும் காதுக்கு ஒரே 'பார்ல்'தான். அதனால் முன்னால் ஆளைச் சொல்லியே தீர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் இத்தாலியன் நம் கட்சி.

காலம் காட்ட நடுவில் இடைநிலை வருகிறது. பார்ல் + ஆவ் + ஓ = பார்லாவோ. பேசிக்கொண்டிருந்தேன், அல்லது அந்தக் காலத்தில் வழக்கமாகப் பேசுவேன் என்று பொருள். பார்ல் + எர் + ஓ = பார்லெரோ. இனிமேல் பேசுவேன் என்று பொருள். பகுதி, இடைநிலை, விகுதி மூன்றும் நம்மைப் போலவே வரிசையில் நிற்கின்றன பாருங்கள்.

பாடம் 2: இருபத்தொன்றைக் கண்டு பயப்படாதே

புத்தகத்தில் 7 வினைவகை, மொத்தம் 21 காலவடிவம் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். பார்த்ததும் தலை சுற்றும். கணக்கு இதுதான்: செய்தி சொல்லும் 'இன்திகாத்தீவோ' 8, உறுதியாகாததைச் சொல்லும் 'கொஞ்சுன்தீவோ' 4, 'இப்படியானால் அப்படி' என்கிற 'கொந்தித்சியொனாலே' 2, ஏவல் 1, நம் எச்சங்களைப் போன்ற மூன்று வகைக்குத் தலா 2, ஆக 6.

இதில் 9 வடிவங்கள் கூட்டு வடிவங்கள். தனியே மனப்பாடம் செய்ய வேண்டாம். நாம் 'பேசி' என்பதோடு 'இரு' சேர்க்கிறோம். அவர்கள் 'பார்லாத்தோ' என்பதோடு 'அவேரே' என்ற துணைவினையைச் சேர்க்கிறார்கள்.

ஓ பார்லாத்தோ – பேசியிருக்கிறேன், பேசினேன்
அவேவோ பார்லாத்தோ – பேசியிருந்தேன்
அவ்ரோ பார்லாத்தோ – பேசியிருப்பேன்

காலத்தைத் துணைவினை சுமக்கிறது, முக்கிய வினை சும்மா நிற்கிறது. போதல், வருதல் போன்ற வினைகளுக்கு 'எஸ்ஸெரே' (இருத்தல்) துணையாக வரும். அப்போது ஆண் பெண் வித்தியாசமும் தெரியும். போனவன் ஆண் என்றால் 'ஸோனோ அந்தாத்தோ', பெண் என்றால் 'ஸோனோ அந்தாத்தா'. மாக்கினா அவர்களுக்குப் பெண்பால். அதனால்தான் தகட்டில் 'ஃபெர்மாத்தா' என்று இருந்தது.

பாடம் 3: போர்டு படிப்பது எப்படி?

டிப்ளமோக்காரனுக்கு மிக வேண்டிய பாடம் இது. மெஷின் தகட்டிலும் மேனுவலிலும் கட்டளை பெரும்பாலும் 'பார்லாரே' மாதிரி அகராதி வடிவத்திலேயே வரும். 'ப்ரெமெரே' என்றால் அழுத்தவும். 'அப்ரீரே' என்றால் திறக்கவும். நாமும் 'அழுத்த', 'திறக்க' என்பதோடு 'உம்' சேர்த்துத்தானே போர்டு எழுதுகிறோம்! யாரையும் நேரே பார்த்துச் சொல்லாத, பொதுவான கட்டளை.

முன்னால் 'நோன்' இருந்தால் எல்லாம் தலைகீழ். 'நோன் அப்ரீரே' என்றால் திறக்காதே. தமிழில் மறுப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'திறக்காதே' என்பதில் பாதி அழிந்தாலும் சந்தேகம் வந்து நிற்போம். இத்தாலியனில் மறுப்பு தனிச் சொல். அது அழிந்தால் மிச்சம் இருப்பது நேர் எதிரான கட்டளை. எனவே தேய்ந்த தகட்டை ஒருபோதும் நம்பாதீர்கள். இது மொழிப் பாடம் மட்டுமல்ல.

பாடம் 4: ஸியா

இப்போது முழு வரியையும் பார்ப்போம்.

நோன் அப்ரீரே இல் ரிபாரோ ப்ரீமா கே லா மாக்கினா ஸி ஸியா ஃபெர்மாத்தா.

'ரிபாரோ' என்பது காப்பு மூடி. 'ப்ரீமா கே' என்றால் 'அதற்கு முன்'. வரியின் பொருள்: மெஷின் நிற்பதற்கு முன் காப்பு மூடியைத் திறக்காதே.

நின்ற பிறகு என்று சொல்வதானால் 'தோப்போ கே லா மாக்கினா ஸி ஏ ஃபெர்மாத்தா' என்று வரும். வித்தியாசத்தைப் பாருங்கள். 'பிறகு' என்றால் 'ஏ'. 'முன்' என்றால் 'ஸியா'. இரண்டும் எஸ்ஸெரே என்ற ஒரே வினையின் வடிவங்கள். 'ஏ' நடந்து முடிந்த உண்மை, இன்திகாத்தீவோ. 'ஸியா' இன்னும் உண்மையாகாதது, கொஞ்சுன்தீவோ.

கஷ்டமாக இருக்கிறதா? நம் பேச்சைக் கவனியுங்கள். "நேத்து மழை வந்த பின்னாடி போனேன்" என்கிறோம். "நேத்து மழை வர்றதுக்கு முன்னாடி போனேன்" என்கிறோம். இரண்டுமே நேற்று நடந்ததுதான். ஆனால் பின்னாடிக்கு 'வந்த', முன்னாடிக்கு 'வர்றது'. 'மழை வந்ததுக்கு முன்னாடி' என்று யாரும் சொல்வதில்லை. நான் கிளம்பிய நேரத்தில் மழை இன்னும் வரவில்லையே! இத்தாலியன் 'ஸியா' போடுகிற இடத்தில் இருப்பது இதே உணர்வு. நம் நாக்குக்கு அது முன்பே தெரியும்.

இன்னொரு ஜோடி:

ஸோ கே லா மாக்கினா ஏ ஃபெர்மா – மெஷின் நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.
க்ரேதோ கே லா மாக்கினா ஸியா ஃபெர்மா – மெஷின் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

தெரியும் என்றால் 'ஏ', நினைக்கிறேன் என்றால் 'ஸியா'. ஷாப் ஃப்ளோரில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு விரல்.

இதே வகையில் வாழ்த்தும் வரும். 'வீவா' என்று கேட்டிருப்பீர்கள். 'வீவெரே' (வாழ்தல்) என்பதன் கொஞ்சுன்தீவோ அது. நம் வியங்கோள் 'வாழ்க'!

பயிற்சி

தினம் ஒரு வினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு விகுதியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் சிரித்துவிடுங்கள். எஸ்ஸெரே, அவேரே இரண்டும் முறை தவறிய வினைகள். அவற்றை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். முறைப்படி போகும் மற்றவற்றுக்குச் சாவி உங்களிடம் இருக்கிறது.

நான் முதன்முதலில் சொந்தமாக எழுதிய இத்தாலிய வாக்கியத்தோடு முடிக்கிறேன்.

ஸே அவெஸ்ஸி கப்பீத்தோ, நோன் அவ்ரேய் அப்பேர்த்தோ.

புரிந்திருந்தால் திறந்திருக்க மாட்டேன். முதல் பாதி கொஞ்சுன்தீவோ, இரண்டாம் பாதி கொந்தித்சியொனாலே. தாத்தாவிடம் காட்டினேன். "இலக்கணம் சரியாத்தான் இருக்கும். இனிமே இப்படி ஒரு வாக்கியம் எழுதற மாதிரி வெச்சுக்காத" என்றார்.

உங்களுக்கும் அதையே சொல்லி விடைபெறுகிறேன். வீவா நண்பர்களே! வாழ்க!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்
தவளக்குப்பம்