ஒரு எண்ணை மாற்றினால் கோபுரமே மாறும்!



நம்ம ஊர் உலகளந்த பெருமாள் கோயில் ராஜகோபுரத்துக்கு 11 நிலை. மேலே போகப் போக நிலைகள் குறுகும். அதை ஸ்கிராட்சில் வரைந்தேன். ஸ்கிராட்ச் என்பது கட்டளைக் கட்டைகளை மவுஸால் இழுத்துக் கோர்த்து கணினியிடம் வேலை வாங்கும் முறை. 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வெளியிட்டது.

'அகலம்' என்ற மாறிக்கு 220 கொடுத்தேன். ஒரு நிலை வரை, அகலத்தில் 20 குறை. இதை 11 முறை திரும்பச் செய். உச்சி நிலை 20 வந்தது. அழகா இருந்துச்சு!

பெரிதாக்க அகலத்தை 330 ஆக்கினேன். உச்சி 130 வந்து, மொட்டைக் கோபுரம் ஆயிடுச்சு! ஏன்? அந்த 20-ஐ நான் மாற்றவே இல்லை.

பிறகு தொடக்கத்திலேயே, குறைவு = அகலம் ÷ 11 என்று வைத்தேன். இப்போ குறைவு தானாகவே 30, உச்சியும் 30. எந்த அகலம் கொடுத்தாலும் வடிவம் கெடாது.

கட்டடக் கலைஞர்களின் 'கிராஸ்ஹாப்பர்' மென்பொருளும் இப்படித்தான். பெட்டிகளைக் கோடுகளால் இணைப்பார்கள். ஒரு அளவை மாற்றினால் மற்றவை தானே மாறும். நம் ஸ்தபதிகளும் ஒரு அளவை வைத்தே மற்ற அளவுகளைக் கணக்கிடுவார்கள்.

ஆகவே, எண்ணை மட்டும் எழுதாதீங்க, எண்களுக்குள் இருக்கும் உறவை எழுதுங்க.

கேள்வி: 5 நிலைக் கோபுரம் வரைய எத்தனை இடத்தில் 11-ஐ மாற்றணும்? யோசிங்க!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி